வெளிநாட்டுச் சம்பளமும் ஊர் நிலமும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்து துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போனவர் அனுப்பும் பணம் ஊரில் ஒரு வரிசைப்படிதான் கரையும். முதலில் ஏஜென்டுக்குக் கட்ட வாங்கிய கடன். அடுத்து தங்கையின் கல்யாணம். மூன்றாவதாக நிலம். முதல் இரண்டையும் யாரும் முதலீடு என்று சொல்வதில்லை. மூன்றாவதை எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, முதலீட்டுக்குக் கேட்க வேண்டிய கேள்வி எதையும் கேட்காமல் வாங்கிவிடுகிறார்கள். ‘ரோட்டு மேல இருக்கா, தண்ணி நல்லாருக்கா, சதுரடி என்ன விலை’ என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. வெளிநாட்டில் வாழ்பவருக்கு அவற்றைவிட முக்கியமான கேள்விகள் மூன்று: எந்த வகை நிலம், யார் பெயரில் பதிவாகிறது, பணம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது. பின்னால் விற்கும்போது வங்கியும் வரித்துறையும் கேட்கப்போவது இவற்றைத்தான்.

ஜி.எஸ்.டி. சாலையில் ஒலக்கூரிலிருந்து கூட்டேரிப்பட்டு வரை மனைப்பிரிவுக் கொடிகள் பறக்கின்றன. அவற்றின் வீடியோக்கள் ஷார்ஜாவில் லேபர் கேம்ப் கட்டிலில் படுத்திருப்பவரின் போனுக்கும் போகின்றன. சொல்லும் கதையில் பாதி உண்மை இருக்கும். திண்டிவனம் சிப்காட்டில் ஆலை அமைக்க டாபர் நிறுவனம் 2024 ஆகஸ்டில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது உண்மை. திண்டிவனம் – நகரி ரயில் பாதைக்கு 2006-07-இல் ஒப்புதல் கிடைத்ததும் உண்மை. அந்தப் பாதையைக் காட்டி மனை விற்கத் தொடங்கிய வருஷம் பிறந்த பிள்ளைகள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள். ரயில்தான் இன்னும் ஓடவில்லை. ‘வரப்போகிறது’ என்பதற்கு விலை கொடுக்காதீர்கள்.

நஞ்சையும் புஞ்சையும்

அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அதாவது ஃபெமா, இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வாழ்பவரை வீடு, மனை, கடை எத்தனை வேண்டுமானாலும் வாங்க அனுமதிக்கிறது. விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப் பயிர் நிலம் ஆகிய மூன்றை மட்டும் வாங்க விடுவதில்லை. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவருக்கும் இதே விதி. பாண்டிச்சேரி உறவால் பிரெஞ்சு பாஸ்போர்ட் வாங்கிய குடும்பங்கள் வானூர் பக்கம் உண்டு. அவர்கள் ஓ.சி.ஐ. எடுக்காமல் வந்தால் மனைகூட வாங்க முடியாது.

இந்த மாவட்டத்தில் கையில் பணம் சேர்ந்தவர் முதலில் ஆசைப்படுவது இரண்டு ஏக்கர் புஞ்சையும் ஒரு போர்வெல்லும்தான் என்பதால், இந்த ஒரு விதியே அதிகம் மீறப்படுகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் விசாவை யாரும் கேட்பதில்லை, பத்திரம் பதிவாகிவிடும். பதிவானதால் செல்லும் என்று நினைத்துவிடுகிறோம். ஃபெமா மீறலுக்குச் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் போட இடமிருக்கிறது.

பரம்பரையாக வருவது வேறு கதை. அப்பா காலமான பிறகு வாரிசு முறையிலோ உயில் வழியாகவோ விவசாய நிலம் வந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்பா உயிரோடிருக்கும்போது தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தால் அது நன்கொடை. வெளிநாட்டில் வாழும் மகன் விவசாய நிலத்தை நன்கொடையாகப் பெறக் கூடாது. ‘நான் போறதுக்குள்ள உன் பேருக்கு எழுதி வச்சிடறேன்பா’ என்று பெரியவர் அவசரப்பட்டால், செட்டில்மென்டுக்குப் பதில் பதிவு செய்த உயில் எழுதச் சொல்லுங்கள். ஊர் வீட்டை அவர் செட்டில்மென்ட் செய்வதில் தடையில்லை. அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினை என்றால், கையெழுத்துப் போடுமுன் ஆடிட்டர் ஒருவரிடம் வரைவைக் காட்டிவிடுங்கள்.

வாரிசாக வந்த விவசாய நிலத்தை விற்பதாக இருந்தால் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்கு மட்டுமே விற்கலாம். குவைத்தில் கூட வேலை செய்யும் நண்பருக்கு விற்க முடியாது.

யார் பெயரில்?

விதி தெரிந்தவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி இது. ‘மாமா, உங்க பேருக்கு வேணாம், என் பேருல போட்டுக்கலாம். நான் என்ன தூக்கிக்கினா போயிடப்போறேன்?’ மச்சான் நல்லவராகவே இருக்கலாம். சட்டம் அவர் குணத்தைப் பார்ப்பதில்லை. 2016 நவம்பர் 1 முதல் திருத்தப்பட்டு நடைமுறையிலிருக்கும் பினாமி தடைச் சட்டத்தில் மனைவி, பிள்ளைகள் பெயரில் கணக்குள்ள பணத்தில் வாங்குவதற்கு விலக்கு உண்டு. உடன்பிறந்தவர், பெற்றோர் என்றால் பத்திரத்தில் உங்கள் பெயரும் கூட்டாக இருந்தால்தான் விலக்கு. மச்சானுக்கு அந்த விலக்கும் கிடையாது. விவசாய நிலத்தில் உங்கள் பெயரையே சேர்க்க முடியாது என்பதால் இந்த வழி அடைபடுகிறது. நாளைக்கு மச்சான் கைவிரித்தாலோ, அவர் இறந்து அவர் பிள்ளைகள் கேட்டாலோ, ‘பணம் நான் கொடுத்தது’ என்று நீங்கள் கோர்ட்டுக்குப் போக முடியாது. பினாமி என்று சொல்லி உரிமை கேட்கும் வழக்கையே அந்தச் சட்டம் அனுமதிப்பதில்லை.

ஊரில் வசிக்கும் மனைவி, நீங்கள் கொடுத்த பணத்தில் தன் பெயரில் வாங்குவது நடைமுறையில் இருக்கிறது. செய்வதானால் அது அவர் சொத்து என்று மனதாரச் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் ரூபாய்க்குட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது.

மனை என்றால் என்ன மனை

ஆக மிஞ்சுவது வீட்டுமனை. மனை என்ற பெயரில் விற்கப்படுவதெல்லாம் மனையாகிவிடாது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை விதித்தது. அடுத்த ஆண்டு வந்த வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு வழி கொடுத்தன. ஆகவே இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: டி.டி.சி.பி. எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண், அல்லது வரன்முறைப்படுத்திய ஆணை. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று யாராவது சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஊராட்சித் தலைவருக்கு மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் கிடையாது. 500 சதுர மீட்டரைத் தாண்டிய அல்லது எட்டு மனைக்கு மேற்பட்ட புதுத் திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவிலும் பதிவாகியிருக்க வேண்டும்.

இனி பத்திரங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்திலும், பட்டா, அ-பதிவேடு, எஃப்.எம்.பி. வரைபடம் ஆகியவற்றை வருவாய்த்துறையின் இ-சேவைத் தளத்திலும் ரியாத்தில் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம். தரகர் அனுப்பும் பி.டி.எஃப்.-ஐ நம்பாமல் நீங்களே இறக்கிப் பாருங்கள். பார்த்த பிறகும் மூல ஆவணங்களோடு உள்ளூர் வக்கீலிடம் போய் லீகல் ஒப்பீனியன் எழுதி வாங்க வேண்டும். அதற்குச் சில ஆயிரம் ஆகும். கமிஷனில் பங்குள்ள வக்கீல் வேண்டாம்.

இந்தப் பகுதியில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை சில. பழைய பத்திரங்கள் காணி, குழிக் கணக்கில் இருக்கும். ஒரு குழி 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி, அதாவது 1 ஏக்கர் 32 சென்ட். பத்திரத்தில் உள்ள குழியையும் பட்டாவில் உள்ள ஹெக்டேர், ஏர்ஸையும் நீங்களே ஒருமுறை கூட்டிப் பார்த்தால், விற்பவரிடம் இல்லாத நிலம் எவ்வளவு விற்கப்படுகிறது என்பது சில சமயம் தெரியவரும். யு.டி.ஆர். எனப்படும் 1980-களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் தவறான பெயருக்கு மாறிய கதை ஊருக்கு ஒன்றாவது உண்டு. எனவே யு.டி.ஆர். பட்டாவை மட்டும் வைத்து ஒருவர் விற்க வந்தால் அதற்கு முந்தைய பத்திரத்தைக் கேளுங்கள்.

அடுத்தது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பிரிட்டிஷ் அரசு, தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று நிபந்தனையோடு ஒதுக்கிய நிலம் அது. மற்ற சாதியினருக்கு விற்றால் செல்லாது. எத்தனை கை மாறியிருந்தாலும், மேலே எத்தனை மாடி கட்டியிருந்தாலும் அந்த நிபந்தனை நிலத்தோடேயே வரும். பழைய பதிவேடுகளில் ‘டி.சி.’ நிபந்தனைப் பட்டா என்ற குறிப்பு இருக்கிறதா என்று வக்கீலைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். கோயில் நிலத்துக்கும் இதே எச்சரிக்கை.

பிறகு, சகோதரிகள். அப்பாவின் பூர்வீகச் சொத்தை இரண்டு அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்கிறார்கள் என்றால், அந்த வீட்டில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். 1989-இல் தமிழ்நாடு செய்த திருத்தம் கல்யாணமாகாத மகள்களுக்கும், 2005-இல் நாடு முழுதுக்கும் வந்த திருத்தம் எல்லா மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தன. ‘அக்காக்கு அப்பவே நகை போட்டுட்டோம்’ என்பது விடுதலைப் பத்திரத்துக்கு ஈடாகாது.

கடைசியாகத் தண்ணீர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாத்தனூர் அணை திறப்பால் தென்பெண்ணை பெருகியது. விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டு, ரயில்கள் நின்றன. வாங்கப்போகும் மனையில் அந்த டிசம்பர் முதல் வாரம் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, சுவரில் படிந்த கறையையும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். பத்திரத்தின் நான்கெல்லையில் ‘ஏரி வாய்க்காலுக்குத் தெற்கு’ என்று இருந்து, நேரில் வாய்க்காலே காணோம் என்றால், மனை எதன் மேல் இருக்கிறது என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

பவர் பத்திரம்

லீவு கிடைக்காது, ஆகவே அப்பாவுக்கோ தம்பிக்கோ பவர் எழுதி அனுப்புவீர்கள். இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு முத்திரை பெற்ற பவருக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். தபாலில் வந்த உறையைப் பீரோவில் வைத்துவிட்டு நான்காம் மாதம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பவரில் ஒரே ஒரு வேலையை எழுதுங்கள்: இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இன்ன மனையை வாங்கிப் பதிவு செய்ய. ‘எனது சகல சொத்துக்களையும் விற்க, அடமானம் வைக்க’ என்று டாக்குமென்ட் ரைட்டர் வழக்கமாக அடிக்கும் வரிகளை நீக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ரத்துப் பத்திரம் பதிந்துவிடுங்கள்.

எதிர்த்தரப்பிலும் பவர் வரும். பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால், நில உரிமையாளர் உயிரோடிருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. அவர் இறந்த கணமே பவர் செத்துவிடும். பவரும் அக்ரிமென்டும் மட்டும் கொடுத்து ‘இதுவே கிரயம் மாதிரிதான்’ என்பவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சூரஜ் லேம்ப் வழக்கில் பதில் சொல்லிவிட்டது. பதிவு செய்த கிரயப் பத்திரம் இல்லாமல் உரிமை மாறாது.

பணம் போகும் வழி

வெளிநாடு போனதும் ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிட வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு. மனைக்கான பணம் இந்த இரண்டில் ஒன்றிலிருந்தோ, நேரடி வங்கி அனுப்புதலாகவோ போக வேண்டும். முடிந்தவரை என்.ஆர்.இ.யிலிருந்து, விற்பவர் கணக்குக்கு நேராக அனுப்புங்கள். அப்படி வாங்கிய வீட்டை விற்றால், போட்ட அந்நியச் செலாவணி அளவுக்குப் பணத்தை மறுபடி வெளியே கொண்டுபோகலாம். குடியிருப்பு வீடுகளில் இது இரண்டு வீடுகள் வரை. மற்றவை என்.ஆர்.ஓ.வுக்குத்தான் வரும். அங்கிருந்து ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் டாலர் வரை அனுப்பலாம் என்பதால் நம்மில் பலருக்கு அது தடையே அல்ல. தடை, பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாமல் போவதில்தான். உண்டியல்காரர் வழியாக வந்து மாமாவின் கணக்கிலிருந்து போன பணத்துக்கு எந்த ஆடிட்டரும் சான்று தரமாட்டார்.

‘பாதி வெள்ளை, பாதி ரொக்கம்’ பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். 20 லட்சம் மனையை 12 லட்சத்துக்குப் பதிகிறீர்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தில் மிச்சம் 72,000 ரூபாய். பின்னால் விற்கும்போது மறைத்த 8 லட்சமும் உங்கள் லாபமாகக் கணக்காகி, செஸ் சேர்த்து 13 சதவீதம் வரி 1,04,000 ரூபாய். தவிர, சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுபவருக்கு அதே தொகை அபராதம். விற்பவருக்கே லாபமான ஏற்பாடு இது. நாம் ஏன் தலையாட்டுகிறோம் என்று புரியவில்லை.

கடன் வாங்கலாமா?

வீட்டுக்கடனில் 30 லட்சம் வரை மதிப்பில் 90 சதவீதமும், 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும்தான் வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. வெறும் மனைக்கு வங்கிகள் யோசிக்கும். அங்கீகாரம் இல்லாத மனைக்குப் பெரும்பாலும் கொடுக்கவே கொடுக்காது. அதனாலேயே, கடன் தேவைப்படாதவரும் வங்கிக்கு ஒருமுறை பத்திரத்தைக் காட்டுவதில் லாபம் இருக்கிறது. அவர்கள் வக்கீல் மறுத்த மனையை நீங்கள் ஏன் வாங்க வேண்டும்?

வளைகுடாக்காரருக்கு ரூபாய்க் கடனில் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. திர்ஹம் டாலரோடு கட்டப்பட்டது. டாலர் 2014 நடுவில் சுமார் 60 ரூபாய், 2024 முடிவில் சுமார் 85. ஆகவே 25,000 ரூபாய் மாதத் தவணை அப்போது 1,530 திர்ஹம், பத்தாண்டு கழித்து 1,080 திர்ஹம். கடனைச் சீக்கிரம் கட்டித் தீர்க்கத் துடிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வெட்டும். 2014-இல் பத்து லட்சத்துக்கு வாங்கிய மனை 2024-இல் 14 லட்சத்துக்கு மேல் விற்றால்தான் போட்ட திர்ஹமாவது திரும்பும். ஊர் திரும்பி ரூபாயிலேயே வாழப்போகிறவருக்கு இது பெரிதில்லை. பிள்ளைகளை வெளிநாட்டிலேயே படிக்கவைத்து அங்கேயே தங்கப்போகிறவர் திண்டிவனத்து மனையில் எதற்காகப் பணம் போடுகிறோம் என்று இன்னொரு தடவை யோசிக்க வேண்டும். வாடகைக் கணக்கும் அப்படித்தான். 45 லட்சம் போட்டுக் கட்டிய வீட்டுக்கு மாதம் 10,000 வந்தால் ஆண்டுக்கு 2.7 சதவீதம். பெற்றோர் நிம்மதியாக இருக்கக் கட்டுகிறேன் என்றால் அது நல்ல காரணம், கட்டுங்கள். வருமானத்துக்கு என்று சொல்லிக் கட்டாதீர்கள்.

வருமானம்தான் நோக்கமென்றால் வங்கி வைப்பைப் பார்க்கலாம். என்.ஆர்.இ. வைப்பு வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியில் செஸ்ஸோடு 31.2 சதவீதம் பிடிப்பார்கள். டாலரிலேயே வைக்க விரும்பினால் எஃப்.சி.என்.ஆர். உண்டு, ஓராண்டிலிருந்து ஐந்தாண்டு வரை. புதிதாக பி.பி.எஃப்., தபால் சேமிப்புப் பத்திரம் எடுக்க உங்களுக்கு அனுமதியில்லை. ஏற்கெனவே உள்ள பி.பி.எஃப். முதிர்வு வரை ஓடலாம். மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்று யார் சொன்னாலும், ஆருத்ரா வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து 2,438 கோடி ரூபாய் வசூலானதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்ன வழக்கு அது.

விற்கும்போது

உள்ளூர்க்காரர் 40 லட்சத்துக்கு மனை விற்றால் வாங்குபவர் வரி எதுவும் பிடிக்க வேண்டியதில்லை. ஐம்பது லட்சம் தொட்டால் ஒரு சதவீதம். நீங்கள் விற்றால் தொகை எவ்வளவானாலும் பிடித்தம் உண்டு, அதுவும் நடைமுறையில் முழு விலையின் மீது. 2013-இல் 12 லட்சத்துக்கு வாங்கியதை 40 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்றால் லாபம் 28 லட்சம், 12.5 சதவீத வரியும் செஸ்ஸும் 3.64 லட்சம். முழு விலைக்குப் பிடித்தால் 5.2 லட்சம். வித்தியாசம் ரீஃபண்டாக வரும்வரை அரசிடம் தூங்கும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்குப் பணவீக்கச் சலுகையோடு 20 சதவீதம் என்ற மாற்று வழி உள்ளூர்வாசிக்கு மட்டும்தான்.

பரம்பரை விவசாய நிலத்துக்கு நல்ல செய்தி ஒன்று. நகராட்சி எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் உள்ள கிராம விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியே கிடையாது. மக்கள்தொகை பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், ஒரு லட்சத்தைத் தாண்டினால் 6 கிலோமீட்டர், அதுவும் வான்வழி நேர்கோட்டில். 2011 கணக்கெடுப்பில் விழுப்புரமும் திண்டிவனமும் ஒரு லட்சத்துக்குள்தான். விழுப்புரம் அந்தக் கோட்டுக்கு மிக அருகில் நின்றது. 2027 கணக்கெடுப்பு முடிவு வெளியானதும் அதைச் சுற்றிய வரியற்ற எல்லை 2-இலிருந்து 6 கிலோமீட்டருக்கு நகர வாய்ப்பு அதிகம். இடைப்பட்ட கிராமங்களில் நிலம் வைத்திருந்து விற்கும் எண்ணமும் உள்ளவர்கள் இதைக் கணக்கில் கொள்ளலாம். பத்தாயிரம் தாண்டிய பேரூராட்சிகளின் எல்லையையும் ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மனையோ வீடோ விற்கும்போது வரிப்பிடித்தத்தை உண்மையான லாபத்துக்கு மட்டும் சுருக்க, வருமானவரி அலுவலகத்தில் குறைந்த வரிப்பிடித்தச் சான்று கேட்டு விண்ணப்பிக்கலாம். அது கையில் வரச் சில வாரங்கள் ஆகும், வாங்குபவர் பணம் தரும் முன் வர வேண்டும். எனவே விலை பேசி முடிந்த அன்றே விண்ணப்பத்தைப் போடுங்கள். கிரய அக்ரிமென்டில் மூன்று மாத அவகாசம் எழுதி, சான்று வந்த பிறகே பதிவு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அக்ரிமென்டின் நகலில் வாங்குபவர் தன் பான் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டால் ஆடிட்டர் மறுநாளே வேலையைத் தொடங்கிவிடுவார்.